உடலும் இயந்திரமும் கலக்கும் திரையிசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனித உடல் தொழில்நுட்பத்தோடு கலந்து உருமாறும் கதைகளுக்காக, பெரும்பாலும் மின்னணுக் கருவிகளில் உருவாக்கப்பட்ட இருண்ட பின்னணி இசையைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இசை உருவான முறையே கதையின் கருத்தைச் சுமந்து நின்ற படங்களைத்தான் முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் புகழ்பெற்ற சில படங்கள் விடுபட்டிருக்கும்.

எந்த வகைப் படங்களின் இசை இது?

அறிவியல் புனைவுப் படங்கள் அனைத்தும் இதில் அடங்கிவிடுவதில்லை. விண்கலப் போரையும் வேற்றுக்கோள் வீரத்தையும் காட்டும் படங்களுக்கு எக்காளம் முழங்கும் ஆர்கெஸ்ட்ரா இசையே நெடுங்காலமாக வழக்கம். இங்கே பேசப்படுபவை, தொழில்நுட்பம் கையில் பிடிக்கும் கருவியாக வெளியே நில்லாமல் தோலைக் கடந்து உள்ளே நுழைந்துவிடும் கதைகள். தொலைக்காட்சிச் சமிக்ஞையால் மூளையில் கட்டி வளரும் மனிதன், சதையிலிருந்து இரும்பு முளைக்கும் அலுவலக ஊழியன், உடல் முழுவதும் செயற்கையாகி மூளை மட்டுமே எஞ்சிய காவல் அதிகாரி ஆகியோரின் கதைகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இப்படங்களின் இசையில் மெட்டு குறைவாக இருக்கும். நீண்டு நிற்கும் தாழ்ந்த சுருதியும், மூச்சையோ நாடித்துடிப்பையோ நினைவூட்டும் அசைவும், எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத ஒலியும் மிகுந்திருக்கும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே இவ்விசையின் உயிர்நாடி என்பது என் கருத்து. கேட்பவரின் காது 'இது உடலின் ஒலியா, இயந்திரத்தின் ஒலியா' என்று தீர்மானிக்க முடியாமல் தடுமாறும்போதுதான், திரையில் நடக்கும் உருமாற்றத்தை அவர் நம்பத் தொடங்குகிறார்.

இது எப்போது தொடங்கியது?

முழுவதும் மின்னணு ஒலிகளாலேயே அமைந்த பின்னணி இசையோடு வெளிவந்த முதல் பெருந்திரைப்படமாக, 1956-இல் எம்ஜிஎம் நிறுவனம் வெளியிட்ட 'ஃபார்பிடன் பிளானட்' கருதப்படுகிறது. அதை உருவாக்கியவர்கள் லூயி பாரன், பெபி பாரன் என்ற தம்பதியர். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் சொந்தமாக ஓர் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த அவர்களுக்கு, திருமணப் பரிசாகக் கிடைத்த ஒலிநாடாப் பதிவுக் கருவியே தொடக்க மூலதனமாக அமைந்தது. மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் என்ற இசைக்கருவிகள் விற்பனைக்கு வராத காலம் அது.

கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948-இல் எழுதிய சைபர்நெட்டிக்ஸ் நூலைப் படித்த லூயி, அதிலிருந்த சமன்பாடுகளைப் பின்பற்றி வெற்றிடக் குழல்களைக் கொண்ட மின்சுற்றுகளைக் கட்டினார். உயிரினங்களும் இயந்திரங்களும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் முறையில் ஒன்றுபோலவே இயங்குகின்றன என்பது அந்நூலின் மையக் கருத்து. ஒவ்வொரு மின்சுற்றுக்கும் தனிக்குணம் இருந்தது. அளவுக்கு மீறி மின்சாரம் செலுத்தினால் அது கத்தும், நடுங்கும், இறுதியில் எரிந்து அடங்கும். ஒருமுறை எரிந்துபோன சுற்றை அதே ஒலியோடு மீட்டெடுக்க முடியாது என்பதால், உயிரோடு இருந்த நேரத்தில் ஒலிநாடாவில் பதிந்தது மட்டுமே எஞ்சியது. மணிக்கணக்காகப் பதிவான அந்த நாடாக்களைக் கேட்டுப் பயன்படும் பகுதிகளைப் பிரித்தெடுக்கும் பொறுமையான வேலை பெரும்பாலும் பெபியுடையது. பிறகு இருவருமாக அவற்றின் வேகத்தை மாற்றியும், திருப்பி ஓட்டியும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் இசையாக்கினார்கள்.

அந்தப் படத்தின் அரக்கன், ஓர் அறிவியலாளரின் ஆழ்மனத்திலிருந்து அயல் நாகரிகத்தின் இயந்திரம் ஒன்று பிறப்பிக்கும் உருவம். மனத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே பிறந்த அந்த அரக்கனுக்கு, உயிர்போல வாழ்ந்து மடிந்த மின்சுற்றுகளே குரல் கொடுத்தன. கருத்தும் செய்முறையும் இவ்வளவு நெருங்கிப் பொருந்திய இசை பின்னாளிலும் அரிதாகவே வந்திருக்கிறது. ஆனால் இசைக்கலைஞர் சங்கத்தின் எதிர்ப்புக்கு அஞ்சிய தயாரிப்பு நிறுவனம், படத்தின் தொடக்கத்தில் 'இசை' என்று போடாமல் 'மின்னணுத் தொனிகள்' என்றே அவர்களின் பங்கைக் குறிப்பிட்டது. இசைக்கான ஆஸ்கர் பரிந்துரைக்கும் வாய்ப்பு அதனால் அவர்களுக்கு இல்லாமல் போனது. இத்துறையின் வரலாற்றில் நடந்த அநீதிகளுள் இதை முதலாவதாகச் சொல்வேன்.

உடல் உருமாறும் திகில் கதைகளுக்கு ஆர்கெஸ்ட்ரா போதாதா? ஏன் மின்னணுக் கருவி?

போதும் என்பதற்கு வலுவான சான்று உண்டு. அறிவியலாளர் ஒருவர் ஈயாக உருமாறும் 'தி ஃப்ளை' படத்துக்கு 1986-இல் ஹோவர்ட் ஷோர் முழு ஆர்கெஸ்ட்ராவையே பயன்படுத்தினார். அந்தப் படம் அடிப்படையில் ஒரு காதல் துயரக்கதை. அதன் சோகத்தை ஓபரா அளவுக்கு உயர்த்திக் காட்ட அவருக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ரா தேவைப்பட்டது.

வேறுபாடு எங்கே வருகிறது என்றால், வயலினையோ குழலையோ கேட்கும் நம் காது அதன் பின்னால் ஒரு கையையும் ஒரு மூச்சையும் தானாகவே உணர்ந்துகொள்கிறது. வில் தந்தியில் உராய்வதும், ஊதுபவர் மூச்சிழுப்பதும் அந்த ஒலிக்குள்ளேயே இருக்கின்றன. மின் அதிர்வுகளை எழுப்பும் சுற்றான மின்னலைவியிலிருந்து வரும் ஒலிக்கு அத்தகைய உடல் கிடையாது. அது களைப்பதில்லை, மூச்சு வாங்குவதில்லை. ஆகவே மனிதத்தன்மை கரைந்துபோகும் கதையில், உடலுள்ள ஒலியிலிருந்து உடலற்ற ஒலிக்கு நகர்வதே ஒரு கதைசொல்லும் முறையாகிவிடுகிறது. ஆர்கெஸ்ட்ராவை மட்டுமோ சிந்தசைசரை மட்டுமோ பயன்படுத்தினால் இந்த நகர்வைக் காட்டுவது கடினம்.

மின்சாரம் என்றாலே சிந்தசைசர்தான் என்றும் இல்லை. கார் விபத்துகளில் காமத்தைத் தேடும் மனிதர்களைப் பற்றிய 'கிராஷ்' படத்துக்கு, 1996-இல் இதே ஷோர் ஆறு எலக்ட்ரிக் கிட்டார்களையும் மூன்று ஹார்ப்புகளையும் மையமாக வைத்து எழுதினார். உலோகத் தந்தியின் குளிர்ச்சியும், அடிபட்ட உடலின் நடுக்கமும் ஒரே மீட்டலில் கேட்கும் இசை அது.

'வீடியோட்ரோம்' இசை ஏன் இவ்வளவு மதிக்கப்படுகிறது?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களால் உலகம் அறிந்த ஹோவர்ட் ஷோர், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கனடா நாட்டு இயக்குநர் டேவிட் க்ரோனென்பர்க்கின் நிரந்தரத் துணையாக இருந்தவர். 1979-இல் வெளிவந்த 'தி ப்ரூட்' தொடங்கி, 'தி டெட் ஸோன்' நீங்கலாக, க்ரோனென்பர்க்கின் திரைப்படங்களுக்குத் தொடர்ந்து அவரே இசையமைத்தார். அவற்றுள் 1983-இல் வந்த 'வீடியோட்ரோம்' தனித்து நிற்கிறது.

டொராண்டோவில் சிறிய தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றை நடத்தும் மேக்ஸ் ரென், கொடூரமான ஒரு நிகழ்ச்சியின் சமிக்ஞையைக் கண்டுபிடிக்கிறான். அதைப் பார்த்தவர்களின் மூளையில் கட்டி வளர்கிறது, மாயக்காட்சிகள் தொடங்குகின்றன. அவன் வயிற்றில் ஒரு பிளவு தோன்றி, வீடியோ நாடாவை உள்வாங்கிக்கொள்ளும் துளையாக மாறுகிறது. பிடித்த துப்பாக்கி கையின் சதையோடு ஒன்றிப்போகிறது.

ஷோர் இந்தக் கதைக்கு முழு இசையையும் முதலில் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுவதுபோல எழுதினார். பிறகு அதை, அப்போது புதிதாக வந்திருந்த சின்கிளேவியர் 2 என்ற இலக்கமுறைச் சிந்தசைசரில் நிரலாக்கினார். அந்த இயந்திர வாசிப்போடு சேர்ந்து வாசிக்கும்படி ஒரு சிறு தந்தி வாத்தியக் குழுவையும் அமர்த்தி, இரண்டையும் கலந்து பதிவு செய்தார். படத்தின் தொடக்கத்தில் ஆர்கெஸ்ட்ராவின் இயல்பு மேலோங்கியிருக்கும். மேக்ஸின் மாயக்காட்சிகள் கூடக்கூட மின்னணு ஒலி மெல்ல மெல்ல மேலேறும். ஆனால் எந்த நொடியில் எது எதை விழுங்கியது என்று கேட்பவரால் கோடு கிழிக்க முடியாது. செல்லோ என்று நம்பிய ஒலி மனிதக் கை படாததாக இருக்கும். இயந்திரம் என்று நினைத்த ஒலியில் வில்லின் உராய்வு தெரியும்.

தன் வயிற்றுப் பிளவு உண்மையா மாயையா என்று மேக்ஸுக்குத் தெரியவில்லை. அதே ஐயத்தை ஷோர் நம் செவியிலும் நட்டுவிடுகிறார். படம் சொல்ல வந்ததை வசனமின்றியே இசை சொல்லி முடித்துவிடும் இடம் இது. இவ்வகை இசை அனைத்துக்கும் நான் அளவுகோலாக வைத்திருப்பது 'வீடியோட்ரோம்' தான்.

இந்த இசை நம் உடலில் எவ்வாறு வேலை செய்கிறது?

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை ஒலியாகக் கேட்கிறது. விநாடிக்கு ஐந்து முறை தட்டினால் ஐந்து தனித்தட்டுகள் கேட்கும். அந்தத் தட்டுகளை வேகப்படுத்திக்கொண்டே போய் 20 அல்லது 30 முறையைக் கடந்தால், தட்டுகள் ஒன்றோடொன்று உருகி ஒரு தாழ்ந்த சுருதியாகிவிடும். தாளமும் சுருதியும் உண்மையில் ஒரே அதிர்வின் இரண்டு வேகங்களே. இதயத்துடிப்பு போன்ற தாளம் ஒன்றை இயந்திரத்தின் முரலலாக மாற்றுவதற்கு ஒரு குமிழைத் திருப்பினால் போதும் என்ற வசதியைச் சிந்தசைசர் தருகிறது. உடலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவிலுள்ள எல்லையை இசையமைப்பாளர் அந்தக் குமிழில் கடந்துவிடுகிறார்.

அடுத்தது வடிகட்டி. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இதய ஒலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருக்கிறது. ஆகவே எந்த ஒலியாக இருந்தாலும் அதன் உயர்ந்த அதிர்வெண்களை வடிகட்டி நீக்கிவிட்டால், அது தசைக்கும் எலும்புக்கும் அப்பாலிருந்து கேட்பதுபோல ஆகிவிடும். தொலைவில் ஓடும் மோட்டாரின் இரைச்சலைக்கூட இவ்வாறு வடிகட்டி, வயிற்றுக்குள் ஓடுவதாக நம்பவைக்கலாம்.

மூன்றாவது, விம்மல். 55 ஹெர்ட்ஸ் சுருதியையும் 57 ஹெர்ட்ஸ் சுருதியையும் சேர்த்து ஒலித்தால், விநாடிக்கு இரண்டு முறை ஏறியிறங்கும் ஒரு துடிப்பு கேட்கும். தம்புராவைச் சுருதி சேர்ப்பவர்கள் இந்த விம்மலைக் கேட்டுக் கேட்டு, அது அடங்கும் வரை தந்தியைச் சரிசெய்வார்கள். திகில் இசையமைப்பாளரோ அந்த விம்மலை அடங்கவிடாமல் வேண்டுமென்றே நிறுத்திவைக்கிறார். சுருதிகளின் இடைவெளியை இன்னும் சற்று அகலப்படுத்தினால் துடிப்பு வேகமெடுத்து, காதை அறுக்கும் கரகரப்பாகிறது. மனித அலறலிலும் இத்தகைய கரகரப்பு உண்டு என்பதால், அதைக் கேட்டவுடன் சிந்திப்பதற்கு முன்பே உடல் விறைக்கிறது.

இவற்றோடு திரையரங்கின் தாழ்-அதிர்வெண் ஒலிபெருக்கியும் சேரும்போது, ஒலி செவியால் கேட்கப்படுவதோடு நிற்காமல் நெஞ்சுக்கூட்டிலும் இருக்கையிலும் உணரப்படுகிறது. ஓவியமோ எழுத்தோ இவ்வாறு பார்வையாளரின் உடலை நேரடியாக அசைக்க முடியாது. உடலைப் பற்றிய கதைக்கு ஒலி இத்தனை பொருத்தமான ஊடகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

'டெர்மினேட்டர்' படத்தின் தாளம் வினோதமாக இருக்கிறது என்கிறார்களே?

ஆம். 1984-இல் வந்த முதல் படத்துக்கு இசையமைத்த பிராட் ஃபீடல், பெரும்பாலும் சிந்தசைசர்களிலேயே அதை உருவாக்கினார். கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டும் வசதி அவரிடம் இல்லாததால், சுழன்றுகொண்டே இருக்கும் தாளத்துண்டைக் கையால் தொடங்கி நிறுத்திப் பதிவு செய்தார். அந்தத் துண்டு சரியான இடத்துக்குச் சற்று முன்பே முடிந்துவிட்டது. கேட்டுப் பார்த்தபோது அந்தத் தடுமாற்றம் பிடித்துப்போகவே அவ்வாறே விட்டுவிட்டார். அதனால் தாளம் 16 எண்ணிக்கையில் முடியாமல் 13-இல் முடிகிறது. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று எண்ணிப் பார்த்தால் பிடிபடும்.

படத்தில் மனிதரைத் துரத்தும் இயந்திர மனிதனின் இதயத்துடிப்பு என்ற எண்ணத்தோடுதான் ஃபீடல் அதை அமைத்தார். முழுச் சீராகத் துடித்திருந்தால் அது வெறும் கடிகாரம் ஆகியிருக்கும். முழுக்கத் தளர்ந்திருந்தால் மனிதனாகியிருக்கும். சற்று முன்னதாகவே அடுத்த சுற்றைத் தொடங்கிவிடும் அந்தத் தாளம், துரத்துபவன் களைக்கவே மாட்டான் என்ற அச்சத்தை ஊட்டுகிறது. அதில் வரும் உலோக அடி, இரும்பு வாணலி ஒன்றைத் தட்டிப் பெற்ற ஒலி.

மனிதக் குரலுக்கு இந்த இசையில் என்ன இடம்?

மிகப் பெரிய இடம். குரல் என்பது உடலிலிருந்து நேரே வரும் ஒலி. அதை இயந்திரத்துக்குள் செலுத்துவது என்பது உடலையே உள்ளே அனுப்புவதற்குச் சமம்.

இதற்கான கருவி இசைக்காகப் பிறந்ததல்ல. பெல் ஆய்வகத்தின் பொறியாளர் ஹோமர் டட்லி, தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சுருக்கி அனுப்புவதற்காக 1930-களில் வோகோடரை உருவாக்கினார். பேச்சைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்ற கணக்கை மட்டும் அனுப்பி, மறுமுனையில் அந்தக் கணக்கைக் கொண்டு செயற்கையாகப் பேச்சைக் கட்டியெழுப்புவது அதன் முறை. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தலைமை பயன்படுத்திய இரகசியத் தொலைபேசி அமைப்புக்கும் அதுவே அடிப்படை.

அமெரிக்க மின்னணு இசைக்கலைஞர் வெண்டி கார்லோஸ் இந்தக் கருவியை இசைக்குக் கொண்டுவந்தார். 1971-இல் ஸ்டான்லி கூப்ரிக் இயக்கிய 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்துக்காக, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியின் இறுதிப் பகுதியை மூக் சிந்தசைசரில் வாசித்து, அதிலுள்ள பாடற்பகுதியை ரேச்சல் எல்கைண்டின் குரலைக் கொண்டு வோகோடர் வழியே பாடவைத்தார். குற்றவாளி ஒருவனின் உடலுக்கு மருந்தையும் திரைக்காட்சியையும் ஏற்றி, வன்முறையை நினைத்தாலே குமட்டும்படி பழக்கிவிடும் அரசாங்கத்தைப் பற்றிய படம் அது. அவன் நேசித்த பீத்தோவனும் அந்தச் சிகிச்சையில் அகப்பட்டுக்கொள்கிறார். மானுட ஒற்றுமையைப் பாடும் வரிகளை இயந்திரத் தொண்டை பாடும்போது, அந்தச் சிகிச்சை இசைக்கும் செய்யப்பட்டுவிட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரான வழியில் போனவர் ஜப்பானிய இசையமைப்பாளர் கென்ஜி கவாய். மமோரு ஓஷீ இயக்கி 1995-இல் வந்த 'கோஸ்ட் இன் தி ஷெல்' படத்தின் தொடக்கத்தில், கதைநாயகியின் செயற்கை உடல் பகுதி பகுதியாக உருவாக்கப்படுவது காட்டப்படுகிறது. அந்தக் காட்சிக்கு யாரும் எதிர்பார்ப்பது இயந்திர ஒலியையே. கவாயோ, ஜப்பானிய நாட்டுப்புறப் பாடகியரின் குழுவை அழைத்து, பழஞ்சப்பானிய மொழியில் ஒரு திருமணப் பாட்டைப் பாடவைத்தார். குரல்களைப் பல்கேரிய நாட்டுப்புறச் சேர்ந்திசையின் பாணியில் நெருக்கமாக அடுக்கினார். மிகப் புதிய உடலுக்கு மிகப் பழைய குரல் அளிக்கப்பட்டது. பிறப்பும் திருமணமும் சடங்கும் கலந்த அந்த ஒலியைக் கேட்கும்போது, இந்த உடல் தொழிற்சாலைப் பொருள்தானா, அல்லது இதற்குள் ஓர் உயிர் குடியேறுகிறதா என்ற கேள்வி தானாக எழுகிறது. படம் முழுவதும் விசாரிக்கும் கேள்வியும் அதுவே. அடியில் மின்னணு ஒலியும் மேலே பெருமுரசும் இருந்தாலும், நினைவில் நிற்பது அந்தக் குரல்கள்தாம்.

'டெட்சுவோ' போன்ற படங்களின் இரும்பு இரைச்சலை இசை என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஷின்யா சுகமோட்டோ 1989-இல் கறுப்பு வெள்ளையில், 16 மிமீ படச்சுருளில் எடுத்த 'டெட்சுவோ: தி அயர்ன் மேன்' ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் படம். சாதாரண அலுவலக ஊழியன் ஒருவனின் உடலில் இரும்பு முளைத்துப் பெருகி, இறுதியில் அவன் நடமாடும் உலோகக் குவியலாகிறான். இதற்கு இசையமைத்த சூ இஷிகாவா, உலோகத் தகடுகளின் அடியையும் டிரம் இயந்திரத்தின் தாளத்தையும் ஒன்றாக்கினார். மென்மைக்கு அதில் இடமே இல்லை; வெட்டி வெட்டித் தொகுக்கப்பட்ட காட்சிகளின் வேகத்தையே இசையும் பின்பற்றுகிறது.

இந்த ஒலி இண்டஸ்ட்ரியல் இசை மரபிலிருந்து வருகிறது. 1970-களின் நடுவில் லண்டனில் திராபிங் கிரிஸ்ல் குழுவும், 1980-இல் மேற்கு பெர்லினில் ஐன்ஸ்டூர்ட்செண்டே நொய்பாட்டன் குழுவும் தொழிற்சாலை இரைச்சலையும் துளைப்பான்களையும் உலோகக் கழிவுகளையும் இசைக்கருவியாக்கின. அந்த மரபைச் சேர்ந்தவர்கள் திரையிசைக்கு வருவது தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. 1987-இல் 'ஹெல்ரெய்சர்' என்ற திகில் படத்துக்காகக் காயில் என்ற குழு உருவாக்கிய இசை கைவிடப்பட்டு, கிறிஸ்டோபர் யங்கின் ஆர்கெஸ்ட்ரா இசை வைக்கப்பட்டது. யங்கின் இசை சிறந்ததுதான். ஆனாலும் காயில் குழுவின் பதிவுகளைக் கேட்கும்போது, இன்னும் அந்தரங்கமான, நோய்மை படிந்த ஒரு படம் கைநழுவிப் போனதை உணர்கிறேன். பின்னர் நிலைமை மாறியது. அதே இண்டஸ்ட்ரியல் உலகிலிருந்து வந்த டிரெண்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸோடு சேர்ந்து 2010-இல் 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்கு அமைத்த இசை ஆஸ்கர் பெற்றது.

ஒலிவடிவமைப்பும் பின்னணி இசையும் எங்கே பிரிகின்றன?

இந்த வகைப் படங்களில் பல இடங்களில் பிரிவதே இல்லை. டேவிட் லிஞ்சின் 'இரேசர்ஹெட்' 1977-இல் வந்தபோது, அவரும் ஒலிக்கலைஞர் ஆலன் ஸ்ப்ளெட்டும் உருவாக்கிய தொழிற்சாலை முரலலும் நீராவிச் சீறலும் படம் முழுவதும் இசையின் இடத்தை எடுத்துக்கொண்டன.

இதைத் தலைகீழாகச் செய்து காட்டியவர் ஐஸ்லாந்தின் ஹில்டுர் குட்னடோட்டிர். 2019-இல் வந்த 'செர்னோபில்' திரைப்படமன்று, ஐந்து பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர்; ஆயினும் உடலையும் தொழில்நுட்பத்தையும் பற்றிப் பேசும்போது அதை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. செர்னோபிலில் இருந்ததே போன்ற அணு உலைகளைக் கொண்டு, மூடப்பட்டுவிட்ட லிதுவேனியாவின் இக்னலினா அணுமின் நிலையத்துக்கு அவர் ஒலிப்பதிவாளர்களோடு சென்றார். குழாய்கள், கதவுகள், இயந்திரக் கூடங்கள் ஆகியவற்றின் ஒலிகளையும் அந்த அறைகளின் எதிரொலியையும் பதிவு செய்து, அவற்றோடு தன் குரலை மட்டும் சேர்த்து முழு இசையையும் கட்டினார். கண்ணுக்குத் தெரியாத, வாசனையில்லாத கதிர்வீச்சு மனித உடல்களை உள்ளிருந்து அழிக்கும் கதையில், அணுமின் நிலையமே பாடுகிறது. அதற்குள் சிக்கிய ஒரே உடலாக அவர் குரல் கேட்கிறது. வயலினோ பியானோவோ இருந்திருந்தால் அது இரங்கற்பாவாகியிருக்கும். இருந்த இடத்தின் ஒலியை மட்டுமே வைத்துக்கொண்டதால் அது சாட்சியமாகவும் ஆகிறது.

'பிளேட் ரன்னர்' இந்த வரிசையில் சேருமா?

சேரும், ஆனால் அதன் மனநிலை வேறு. 1982-இல் கிரேக்க இசையமைப்பாளர் வாங்கெலிஸ் தம் லண்டன் ஒலிப்பதிவுக்கூடத்தில் யமஹா சிஎஸ்-80 என்ற சிந்தசைசரை முதன்மையாக வைத்து அமைத்த இசை அது. அழுத்தியபின் விரல் எவ்வளவு இறுக்கத்தோடு கட்டையில் நிற்கிறது என்பதை ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாக உணர்ந்து, ஒலியின் நிறத்தை மாற்றும் ஆற்றல் அந்தக் கருவிக்கு உண்டு. விரலின் தசையிலுள்ள தயக்கமும் நடுக்கமும் மின்னோட்டத்துக்குள் புகுந்துவிடுகின்றன. நான்கே ஆண்டு ஆயுளோடு உருவாக்கப்பட்டு, மனிதரைவிட அதிகமாக வாழ ஏங்கும் செயற்கை மனிதர்களுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி அக்காலத்தில் இல்லை. படத்தின் மூல இசைப்பதிவு இசைத்தட்டாக வெளிவர 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'அண்டர் தி ஸ்கின்' இசை மின்னணு இசைதானா?

பாதிதான். மனிதத் தோலை அணிந்துகொண்டு ஸ்காட்லாந்துத் தெருக்களில் ஆண்களைத் தேடும் வேற்றுலக உயிரைப் பற்றிய இந்தப் படத்தை, ஜோனதன் கிளேசர் 2013-இல் வெளியிட்டார். இசையமைத்த மிக்கா லெவி முதன்மையாகக் கையாண்டது, வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்திக்கருவியான வியோலாவை. வில்லை அழுத்தாமல் உரசி எழுப்பிய சீறலை எடுத்துக்கொண்டு, வேகத்தையும் சுருதியையும் மாற்றி, மனிதக் கை வாசித்த ஒலியை மனிதத்தன்மை அற்றதாக்கினார். மரத்தாலும் நரம்பாலும் ஆன ஒரு கருவி, வேற்று உயிரொன்று அணிந்துகொண்ட தோலாகிவிடுகிறது. சிந்தசைசரை மட்டும் நம்பியிருந்தால் அந்த அருவருப்பு வந்திருக்காது. நமக்குப் பழகிய ஒன்று கெட்டுப்போகும்போதுதான் அருவருப்பு பிறக்கிறது. இந்த இசைக்கு 2014-இன் ஐரோப்பியத் திரைப்பட விருது கிடைத்தது.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

'பிளேட் ரன்னர்', அடுத்து 'கோஸ்ட் இன் தி ஷெல்', பிறகு 'வீடியோட்ரோம்' என்று போனால் செவி மெல்லப் பழகும். 'டெட்சுவோ' இசையை முதல் நாளே கேட்க வேண்டாம். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் தாழ்ந்த அதிர்வெண்களை எழுப்ப இயலாது என்பதால், அதில் கேட்டால் இவ்விசையின் பாதி கேட்காமலே போய்விடும். காதை மூடும் ஹெட்போன் இன்றியமையாதது. ஒலியளவைக் கூட்டாமல், அமைதியான அறையில் கேட்பதே நல்லது. படங்களில் பல வயதுவந்தோருக்கு மட்டுமே உரியவை. கொடூரக் காட்சிகளைத் தாங்க இயலாதவர்கள் இசையை மட்டும் தனியே கேட்டுக்கொள்ளலாம்.

அண்மைக் காலத்தில் இந்த மரபு எப்படி இருக்கிறது?

எண்ணிக்கையில் செழித்திருக்கிறது. மண்டையில் டைட்டானியத் தகடு பொருத்தப்பட்ட பெண், கார் ஒன்றினால் கருவுறும் 'டைட்டேன்', 2021-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. ஜிம் வில்லியம்ஸ் அதற்கு இசையமைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, க்ரோனென்பர்க்கின் மகன் பிராண்டன் இயக்கிய 'பொஸஸ்ஸர்' படத்துக்கும் அவரே. 2024-இல் 'தி சப்ஸ்டன்ஸ்' படத்துக்கு ரஃபர்ட்டி அமைத்த இசை, நடனக்கூடத்தின் தாளத்தை உடலைக் கிழிக்கும் அளவுக்கு இறுக்கிக் காட்டியது.

ஆனால் தாழ்ந்த முரலல் ஒன்றை நீட்டி, நடுநடுவே திடீர் அதிர்வை வீசுவதோடு நிறைவடைந்துவிடும் படங்களும் பெருகியிருக்கின்றன. கணினி மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒலிகளே பல படங்களில் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. பாரன் தம்பதியர் ஓர் ஒலிக்காக ஒரு மின்சுற்றையே கட்டினார்கள். குட்னடோட்டிர் ஓர் அணுமின் நிலையத்துக்குள்ளேயே நடந்து போனார். கதைக்கென்றே தேடி எடுத்த ஒலிக்கும், பட்டியலிலிருந்து எடுத்த ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பயிற்சியில்லாத செவியும் உணரும்.

இன்றைய படைப்புகளுள் ஒன்றை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால், க்ரோனென்பர்க்கும் ஷோரும் மீண்டும் இணைந்த 2022-இன் 'கிரைம்ஸ் ஆஃப் தி ஃப்யூச்சர்' படத்தையே சொல்வேன். மனித உடல் தானாகவே புதிய உறுப்புகளை வளர்த்துக்கொள்வதும், அவற்றை மேடையில் அறுத்தெடுப்பது கலையாவதும் அதன் கதை. தம் எழுபதுகளில் இருந்த ஷோர் அதற்கு எழுதிய மெதுவான, பெரும்பாலும் மின்னணு ஒலிகளாலான இசையில் அச்சுறுத்தும் நோக்கம் மிகவும் குறைந்துவிட்டது. மாறிக்கொண்டிருக்கும் உடலை வெறுக்காமல், வலியோடும் வியப்போடும் கூர்ந்து கேட்கும் இசையாக அது அமைந்திருக்கிறது.